மானிட்டர் தெரியவில்லை என்றால் முதலில் விண்டோஸை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மடிக்கணினியில் வெளி மானிட்டரைச் செருகினால் தெரியவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டதற்கு உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த பதிலைப் படித்தேன். டிரைவரை (திரையை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், அப்படியும் வராவிட்டால் விண்டோஸையே புதிதாகப் போடுங்கள் என்று இரண்டே வரியில் முடித்திருந்தீர்கள். முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். வரிசைதான் தலைகீழ். இந்தக் கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ, அடாப்டரிலோ, மானிட்டரின் மெனுவிலோதான் ஒளிந்திருக்கும். அவற்றைப் பார்க்காமல் விண்டோஸில் கை வைத்தால் கோப்புகள் போகும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

செருகியவுடன் படம் பாய்ந்துவிடுவதில்லை. அதற்கு முன்னால் ஒரு விசாரிப்பு நடக்கிறது. ஹெச்டிஎம்ஐ செருகியில் 19 முனைகள் (பின்கள்) உண்டு. 18ஆம் முனை வழியாக மடிக்கணினி 5 வோல்ட் அனுப்புகிறது. மானிட்டர் அதையே 19ஆம் முனையில் திருப்பிக் காட்டினால், மறுமுனையில் ஆள் இருக்கிறது என்று மடிக்கணினி தெரிந்துகொள்கிறது. அதன்பிறகு 15, 16ஆம் முனைகளின் இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாக ஈடிஐடி என்ற தகவல் துண்டைப் படிக்கிறது. குறைந்தது 128 பைட் கொண்ட அந்தத் துண்டு மானிட்டரின் அறிமுகச் சீட்டு மாதிரி: யார் தயாரித்தது, என்ன மாடல், எந்தத் தெளிவுத்திறன், எத்தனை ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவு) தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். படத்தைச் சுமக்கும் கம்பிகள் இவற்றுக்குச் சம்பந்தமில்லாதவை. எனவே படக் கம்பி ஜோடிகள் நான்கும் நன்றாக இருந்து, 19ஆம் முனையின் கம்பி மட்டும் உள்ளே அறுந்திருந்தாலும் மானிட்டர் 'இல்லை' என்றாகிவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும் கேபிளை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஹெச்டிஎம்ஐ போலவே மானிட்டரை இணைக்கும் இன்னொரு வகையான டிஸ்ப்ளேபோர்ட்டில் 20 முனைகள். இதே விசாரிப்பை அங்கே தனியாக ஒரு ஜோடிக் கம்பி செய்கிறது. பழைய விஜிஏவில் அறிமுகத்துக்கு 12, 15ஆம் முனைகள். அவற்றில் ஒன்று வளைந்துவிட்டால் வேடிக்கையான நிலை வரும். படம் வரலாம், ஆனால் 1024க்கு 768 போன்ற குறைந்த அளவிலேயே நிற்கும். கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மானிட்டரின் பெயர் 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்று இருக்கும். அப்படிப் பார்த்தால் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். செருகியைக் கழற்றி வெளிச்சத்தில் முனைகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் நடுவே காணாமல் போயிருந்தால் பதற வேண்டாம், பல விஜிஏ கேபிள்களில் 9ஆம் முனை இல்லாமலேயே வரும்.

எதையும் தொடும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். மடிக்கணினிக்கு மானிட்டர் தெரியவே இல்லையா, அல்லது தெரிந்தும் படம் வரவில்லையா? விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனால் மேலே 1, 2 என்று எண்ணிட்ட கட்டங்கள் இருக்கும். 2 என்ற கட்டம் இருந்தால் அறிமுகம் முடிந்துவிட்டது; கேபிளின் அறிமுகக் கம்பிகளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் விசையையும் பி (P) விசையையும் சேர்த்து அழுத்தி, 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்பதில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் 'டூப்ளிகேட்' அல்லது 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தால் முடிந்தது. அப்போதும் கறுப்பாகவே இருந்தால், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியில் ஹெர்ட்ஸைக் குறையுங்கள். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப ஹெச்டிஎம்ஐ 2.0 தேவை, அதன் வேகம் விநாடிக்கு 18 கிகாபிட். ஹெச்டிஎம்ஐ 1.4 விநாடிக்கு 10.2 கிகாபிட்டோடு நின்றுவிடும், அதில் 4கே 30 ஹெர்ட்ஸ்தான். பழைய கேபிளில் 60 வைத்துவிட்டுப் படம் வந்து வந்து போகிறது என்று புலம்புவோர் அதிகம். 30க்கு இறக்கினால் நிலைத்து நிற்கிறது என்றால் கேபிளை மாற்றுங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

மானிட்டரும் தன் பங்குக்கு ஒன்று சொல்லும். பல மானிட்டர்களில் கேபிளே இல்லை என்பதற்கு ஒரு வாசகமும், கேபிள் இருக்கிறது ஆனால் சிக்னல் இல்லை என்பதற்கு வேறொரு வாசகமும் வரும். இரண்டையும் ஒன்றாக எண்ணி வாசிக்காமல் விட்டுவிடுகிறோம். கேபிள் செருகியிருக்கும்போதே 'கேபிள் இல்லை' என்று வந்தால், ஒன்று மானிட்டர் வேறொரு துளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இல்லையேல் கேபிள் போய்விட்டது.

ஆகவே 2 என்ற கட்டமே வராதபோது முதல் வேலை மானிட்டரின் மெனுவில். இன்புட் பகுதியில் 'ஆட்டோ' என்றிருப்பதை நம்பாமல், நீங்கள் செருகியிருக்கும் துளையின் பெயரை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஹெச்டிஎம்ஐ 1, ஹெச்டிஎம்ஐ 2 என்று இரண்டு இருந்தால் பின்பக்கம் குனிந்து எண்ணைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஆட்டோ முறையில் மானிட்டர் ஒவ்வொரு துளையாகச் சுற்றி வரும். அது இந்தத் துளைக்கு வரும் நேரத்தில் மடிக்கணினி கேட்டுக்கொண்டிருக்காது, மடிக்கணினி கேட்கும் நேரத்தில் மானிட்டர் தூங்கப் போயிருக்கும். சில மானிட்டர்களில் 'டீப் ஸ்லீப்' என்றொரு வசதி உண்டு. மின்சாரம் மிச்சம்தான், ஆனால் தூக்கத்தில் விசாரிப்புக்குப் பதில் சொல்லாது. அதை அணைத்துவையுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பை 1.1, 1.2, 1.4 என்று தேர்ந்தெடுக்கும் மெனு இருந்தால், பழைய மடிக்கணினிக்கு ஒரு படி கீழே இறக்கிப் பாருங்கள்.

அடுத்து, மானிட்டரின் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். முன்னால் இருக்கும் பொத்தானை அழுத்தினால் போதாது. அது திரையைத்தான் அணைக்கிறது, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். சில்லு சிக்கிக்கொண்டிருந்தால் மின்சாரம் முழுக்க வடிந்த பிறகுதான் விடுபடும். மடிக்கணினிக்கும் இதே வைத்தியம்: அணைத்து, சார்ஜரையும் மற்ற எல்லாக் கேபிள்களையும் உருவி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு இயக்குங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால் முழுதாக அணைவதில்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினியில் கெர்னலும் (விண்டோஸின் மையப்பகுதி) டிரைவர்களும் இருந்த நிலை வட்டில் எழுதப்பட்டு, மறுபடி இயக்கும்போது அப்படியே திரும்பக் கொண்டுவரப்படும். கெட்ட நிலையில் இருந்த டிரைவர் கெட்ட நிலையிலேயே திரும்பும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். 'அணைத்து அணைத்துப் போட்டேன், வரவில்லை' என்று சொல்பவரிடம் ரீஸ்டார்ட் கொடுத்தீர்களா என்று கேட்பது அதனால்தான். அதற்கும் முன்னால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் வேலை எதுவும் மூடாது.

கேபிளைச் சோதிப்பதென்றால் அதே மேசையில் வேறு கருவியோடு வேலை செய்யும் கேபிளை எடுத்து மாற்றிப் போடுவதுதான் சோதனை. வேறு வழி கிடையாது. நடுவில் ஸ்விட்ச், ஸ்பிளிட்டர் (ஒரே படத்தைப் பல திரைகளுக்குப் பிரித்தனுப்பும் கருவி), சுவரில் பதித்த இணைப்பு ஏதாவது இருந்தால் எல்லாவற்றையும் தவிர்த்து நேரடியாகச் செருகுங்கள். கூட்ட அறைகளில் புரொஜக்டர் தெரியாமல் போவதற்கு, சுவருக்குள் ஓடும் நீளக் கேபிளும் ஈடிஐடியைச் சரியாகக் கடத்தாத ஸ்பிளிட்டரும்தான் வழக்கமான காரணங்கள். மிக நீளமான ஹெச்டிஎம்ஐ கேபிள்களில் ஒளியிழை வகை உண்டு. அவற்றுக்குத் திசை இருக்கிறது: ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று அச்சிட்டிருக்கும். மாற்றிச் செருகினால் கேபிள் கெட்டது போலவே நடந்துகொள்ளும். ஹெச்டிஎம்ஐ செருகிக்குப் பூட்டு கிடையாது, உராய்வால் மட்டும் நிற்கிறது. தடித்த கேபிளின் எடையால் ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்தாலும் போதும், தொடர்பு போய்விடும். டிஸ்ப்ளேபோர்ட் செருகியில் பெரும்பாலும் கொக்கி உண்டு. மேலே இருக்கும் பொத்தானை அழுத்தாமல் இழுத்தால் துளையே போர்டிலிருந்து பெயர்ந்துவிடலாம். இன்னொன்று: டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் 20ஆம் முனை இரு பக்கமும் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. மலிவான சில கேபிள்களில் அதை இணைத்துவிடுகிறார்கள். அதன் வழியாக மானிட்டரின் 3.3 வோல்ட் கணினிக்குள் கசிந்து, கணினி அணையாமலோ கிளம்பாமலோ படுத்தும்.

அடாப்டர் விஷயத்தில் திசையை மறந்துவிடுகிறோம். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறு அடாப்டர் பல கணினிகளில் வேலை செய்யக் காரணம், அந்தத் துளையே ஹெச்டிஎம்ஐ சிக்னலையும் தரக்கூடியது. எதிர்த்திசை அப்படியல்ல. மடிக்கணினியில் ஹெச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் என்றால் அதே அடாப்டரைத் திருப்பிப் போட்டுப் பயனில்லை. உள்ளே சில்லு உள்ள, யுஎஸ்பி வழியாகத் தனியாக மின்சாரம் எடுக்கும் மாற்றி வேண்டும். ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவதற்கும் சில்லு தேவை. அந்தச் சில்லுக்கான மின்சாரம் நாம் முன்னால் பார்த்த 18ஆம் முனையிலிருந்து வருகிறது. அந்த முனை குறைந்தபட்சம் தர வேண்டியது 55 மில்லி ஆம்பியர் மட்டுமே. சில மாற்றிகளுக்கு அது போதாது. அதற்காகத்தான் அவற்றின் பக்கவாட்டில் சின்ன யுஎஸ்பி துளை வைத்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு கம்பியைச் செருகுங்கள்.

இப்போது வரும் குழப்பங்களில் முக்கால்வாசி யுஎஸ்பி-சியால்தான் என்று தோன்றுகிறது. துளையின் வடிவம் ஒன்று, உள்ளே இருக்கும் வசதி ஆளுக்கொரு விதம். எல்லா யுஎஸ்பி-சி துளையிலும் படம் வராது. 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதி அந்தத் துளைக்கு இருக்க வேண்டும், அல்லது அது தண்டர்போல்ட், யுஎஸ்பி 4 வகையாக இருக்க வேண்டும். பக்கத்தில் டி, பி (D, P) எழுத்துகள் பிணைந்த சின்னமோ மின்னல் குறியோ இருந்தால் நல்லது. குறி இல்லாவிட்டால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பைப் படியுங்கள். இரண்டு யுஎஸ்பி-சி துளைகள் உள்ள சில மடிக்கணினிகளில் ஒன்றில் மட்டுமே படம் வரும், அதனால் அடுத்ததிலும் செருகிப் பார்த்துவிடுங்கள்.

துளை சரி, கேபிள்? கைபேசியோடு வந்த யுஎஸ்பி-சி கேபிளில் பெரும்பாலும் மின்சாரத்துக்கும் யுஎஸ்பி 2.0 தரவுக்கும் உரிய கம்பிகள் மட்டுமே இருக்கும். படம் போக வேண்டிய அதிவேக ஜோடிகளே உள்ளே கிடையாது. மடிக்கணினி சார்ஜ் ஆகிறது, கேபிள் நல்லதுதான் என்று முடிவு கட்டுவது இங்கே வழுக்கும் இடம். 240 வாட் என்று அச்சிட்ட தடித்த கேபிளும் தரவில் யுஎஸ்பி 2.0 ஆகவே இருக்கலாம். வாட் என்பது மின்சாரத்தின் அளவு, படத்துக்கு அது உறுதி தராது. செருகியைத் தலைகீழாகத் திருப்பிச் செருகுங்கள். 24 முனைகளும் மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் இருப்பதால், ஒரு பக்கம் செருகினால் வந்து மறுபக்கம் செருகினால் வராவிட்டால் துளையிலோ செருகியிலோ ஒரு வரிசை முனை தேய்ந்திருக்கிறது அல்லது பஞ்சு அடைத்திருக்கிறது. மடிக்கணினியை அணைத்துவிட்டு மரக் குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். ஊசி வேண்டாம்.

ஒரே துளையைப் பல துளைகளாக்கித் தரும் டாக், ஹப் என்று விற்பவை இரண்டு சாதி. ஒரு வகை மடிக்கணினியின் படத்தை அப்படியே கடத்தும். துளையில் ஆல்ட் மோட் இல்லையென்றால் அது வெறும் யுஎஸ்பி ஹப்தான். மற்றது டிஸ்ப்ளேலிங்க் சில்லு உள்ளது. படத்தைச் சுருக்கி யுஎஸ்பி தரவாக அனுப்புவதால் சாதாரண யுஎஸ்பி துளையிலும் வேலை செய்யும், ஆனால் அதற்கான மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். மேக்கில் அந்த மென்பொருளுக்குத் திரைப்பதிவு அனுமதியும் கொடுக்க வேண்டும். அந்த அனுமதியை மறுத்துவிட்டு 'டாக் கெட்டுவிட்டது' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. எந்த வகையானாலும் ஹப்பில் மின்சாரத் துளை இருந்தால் சார்ஜரை அதில் செருகிவிட்டுச் சோதியுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அடிப்படை எம்1, எம்2 சில்லு உள்ள மேக்புக் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் நேரடியாகத் தாங்கும். எம்3 மேக்புக் ஏர், மூடியை மூடினால் இரண்டைத் தாங்கும். இரண்டாவது தெரியவில்லை என்றால் அங்கே கோளாறே இல்லை. இரண்டு ஹெச்டிஎம்ஐ துளை கொண்ட சாதாரண ஹப்பைச் செருகினாலும் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் வரும். முதல் மானிட்டரே தெரியவில்லை என்றால், சிஸ்டம் செட்டிங்ஸின் டிஸ்ப்ளேஸ் பக்கத்தில் ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடியுங்கள். 'டிடெக்ட் டிஸ்ப்ளேஸ்' என்ற பொத்தான் தோன்றும்.

இத்தனைக்கும் பிறகுதான் டிரைவர். டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால் உண்மையான டிரைவர் இல்லை. இரண்டாம் திரையை எதிர்பார்க்க முடியாது. இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் சில்லோடு என்விடியா சில்லும் இருக்கும் மடிக்கணினிகளில் இன்னொரு சூட்சுமம். சொந்தத் திரை ஒரு சில்லிலிருந்தும் ஹெச்டிஎம்ஐ துளை இன்னொன்றிலிருந்தும் ஓடுவது சகஜம். என்விடியா பெயரருகே மஞ்சள் முக்கோணம் இருந்தாலோ, பேட்டரி மிச்சம் என்று யாரோ அதை 'டிசேபிள்' செய்திருந்தாலோ, மடிக்கணினித் திரை பளிச்சென்று இருக்கும், ஹெச்டிஎம்ஐ மட்டும் செத்துக் கிடக்கும். நேற்றுவரை வந்து, புதுப்பித்தலுக்குப் பிறகு நின்றிருந்தால், 'டிரைவர்' தாவலில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். புதிதாக இறக்குவதாக இருந்தால் மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று உள்ளதை முதலில் முயலுங்கள். லினக்ஸில், கெர்னல் புதுப்பித்தலுக்குப் பிறகு என்விடியா தொகுதி (அங்கே டிரைவர் இந்த வடிவில் இருக்கும்) ஏறாமல் போவதும், கையொப்பமிடாத தொகுதியை 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு வசதி தடுப்பதும் இதே அறிகுறியைத் தரும்.

மென்பொருளா, வன்பொருளா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. மானிட்டரைச் செருகிவிட்டு மடிக்கணினியை இயக்குங்கள். தயாரிப்பாளரின் சின்னம் வெளி மானிட்டரில் தெரிந்துவிட்டால் துளை, கேபிள், மானிட்டர் மூன்றும் நலம். விண்டோஸ் ஏறியபின் மறைந்தால் குற்றவாளி டிரைவர்தான். சின்னம் தெரியாவிட்டால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், பல மடிக்கணினிகள் அந்தக் கட்டத்தில் வெளித் திரைக்கு எதையும் அனுப்புவதில்லை. அப்போது லினக்ஸை யுஎஸ்பி குச்சியில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கிளப்பிப் பாருங்கள். அதில் மானிட்டர் தெரிந்தால் விண்டோஸ் பக்கம் தேடலாம். உங்கள் பதிலில் சொன்ன மறுநிறுவலுக்கு இடம் இருக்கிறது என்றால் அது இந்தச் சோதனைக்கு அப்பால்தான்.

எல்லாம் பார்த்தும் ஹெச்டிஎம்ஐ துளைதான் போயிருக்கிறது என்று தெரிந்தால், பழுதுபார்ப்பவரிடம் 'மானிட்டர் வரவில்லை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தக் கேபிள், எந்த மானிட்டர், வேறு கருவியோடு அவை வேலை செய்தனவா, யுஎஸ்பி-சி வழியாகப் படம் வந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முனை வளைந்ததும் பற்றவைப்பு விரிசல் விட்டதும் துளையை மட்டும் மாற்றினால் தீரும். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றால் காரணம் கேளுங்கள். அதுவரை வேலை நிற்காமலிருக்க, டிஸ்ப்ளேலிங்க் வகை யுஎஸ்பி அடாப்டர் ஒன்று போதும். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் அது தாராளம், விளையாட்டுகளுக்கு மட்டும் ஆகாது.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்